மலிவான இடக்கை எலக்ட்ரிக் கிட்டார்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

மலிவான இடக்கை கிட்டாரில் வரும் கோளாறுகள் இரண்டு வகை. ஒன்று, விலை குறைந்த எந்தக் கிட்டாரிலும் வருவது: சமமாகத் தேய்க்காத ஃப்ரெட் (நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டை), உயரமான நட் (நெக்கின் தலைமுனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சின்னத் துண்டு), கரகரக்கும் வால்யூம். இன்னொன்று இடக்கை கிட்டாருக்கே உரியது: வலக்கைக்காகச் செய்த ஏதோ ஒரு பாகம் அதில் வந்து உட்கார்ந்திருப்பது. இந்த இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்காமல் புதுப் பாகங்களை வாங்கி மாட்டிக்கொண்டே போனால் பணம்தான் கரையும், கோளாறு அப்படியே இருக்கும்.

அதனால் எதைக் கழற்றுவதற்கு முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாகத்துக்குத் திசை உண்டா? நட்டுக்கு உண்டு. ஆறு கீயும் ஒரே வரிசையில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கின் (கிட்டாரின் தலைப்பகுதி) ட்யூனிங் கீகளுக்கு உண்டு. ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைக்கும் பிரிட்ஜ்), வால்யூம் பாட், டோன் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை), காந்தங்கள் ஏற்ற இறக்கமாக இருக்கும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), பிக்கார்ட் (பாடியின் மேல் திருகிய தகடு) இவற்றுக்கும் உண்டு. ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி), ஃப்ரெட், ஹம்பக்கர் பிக்கப் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), கேபிள் செருகும் ஜாக் இவற்றுக்குத் திசை கிடையாது. பக்கத்துக்கு மூன்றாகக் கீ இருக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் கவலையில்லை. அந்த செட்டில் இடப்பக்கத்துக்கு மூன்றும் வலப்பக்கத்துக்கு மூன்றும் வருவதால் எந்தக் கைக்காரருக்கும் அதே செட்தான்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். நல்ல ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ செட், அரை மி.மீ. வரை காட்டும் ஸ்டீல் ஸ்கேல், ட்யூனர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன். ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் நல்லது. கோளாறு பார்க்க உட்காரும் முன் புதுக் கம்பி மாட்டிவிடுங்கள். பழைய கம்பியில் செய்யும் எந்த அளவையும் நம்ப முடியாது.

வாங்கும் முன்: படத்தில் இடக்கை, பெட்டியைத் திறந்தால் வலக்கை

இணையத்தில் விற்பவர்கள் சில நேரம் வலக்கை கிட்டாரின் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயரைப் பாருங்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பித் தெரிந்தால் படம் திருப்பப்பட்டது. இன்னொரு ஏமாற்றம், வலக்கை கிட்டாரில் கம்பியை மட்டும் மாற்றி மாட்டிவிட்டு 'இடக்கை' என்று விற்பது. இதைக் கண்டுபிடிக்க நெக்கின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் புள்ளிகளைப் பாருங்கள். உண்மையான இடக்கை கிட்டாரில் அந்தப் புள்ளிகள் தடித்த கம்பி இருக்கும் விளிம்பில், வாசிப்பவர் குனிந்தால் தெரியும்படி இருக்கும். திருப்பி மாட்டியதில் அவை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வால்யூம் குமிழ்களும் மேலே வந்துவிடும், முன்கை பட்டு ஒலி குறைந்துகொண்டே இருக்கும்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திருப்பிப் பிடித்து, கம்பி வரிசையை மாற்றித்தான் வாசித்தார். ஆல்பர்ட் கிங்கும் டிக் டேலும் வரிசையைக்கூட மாற்றாமல், மெல்லிய கம்பி மேலே வரும்படியே வாசித்தார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் இன்று ஸ்க்வையர், எபிஃபோன், யமஹா, ஐபனெஸ் போன்ற நிறுவனங்கள் தொடக்க விலையிலேயே இடக்கை மாடல் தரும்போது, புதிதாகக் கற்றுக்கொள்பவர் திருப்பி மாட்டிய கிட்டாருடன் மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

திருப்பித்தான் மாட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டப்பட்ட பாடியாக இருந்தால் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி சாடில் (கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டு) இருந்து, அது முன்னும் பின்னும் போதுமான தூரம் நகர வேண்டும். லெஸ் பால் மாதிரி கிட்டார்களில் பிரிட்ஜையே சாய்வாகப் பதித்திருப்பார்கள், தடித்த கம்பியின் பக்கம் சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். கம்பியை மாற்றி மாட்டினால் அந்தச் சாய்வு தலைகீழாகிவிடும். பாடியில் புதுத் துளை போடாமல் அதைச் சரிசெய்வது கடினம். அந்த வகையைத் திருப்பி மாட்டுவதற்காக வாங்க வேண்டாம்.

நேரில் பார்த்து வாங்க முடிந்தால், ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தித் தட்டிப் பாருங்கள். ட்ரஸ் ராடைத் திருப்பும் திருகின் வாய் தேய்ந்து உருண்டிருக்கிறதா, நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிக்கப் மோசமாக இருந்தால் மாற்றிவிடலாம். முறுக்கிய நெக்கை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

தடித்த கம்பி நட்டுக்கு மேலே மிதக்கிறது, மெல்லிய கம்பி பள்ளத்துக்குள் ஆடுகிறது

இது வலக்கை நட். இடக்கை கிட்டார் என்று முறைப்படி விற்கப்படும் பழைய கிட்டார்களிலும் இதைப் பார்க்கலாம், ஏனென்றால் முன்னால் வைத்திருந்தவர் கையில் கிடைத்த நட்டை ஒட்டியிருப்பார்.

10–46 என்று குறிக்கும் கம்பி செட்டில் ஆறாவது கம்பியின் தடிமன் சுமார் 1.17 மி.மீ., முதல் கம்பி 0.25 மி.மீ. மட்டுமே. வலக்கை நட்டில் மெல்லிய கம்பி போய் அகலமான பள்ளத்தில் விழும். அங்கே பக்கவாட்டில் நகரும், தாழ்ந்து உட்கார்ந்து வீணை போல இரையும். தடித்த கம்பியோ குறுகலான பள்ளத்தின் வாயிலேயே நின்றுவிடும். முதல் ஃப்ரெட்டை அழுத்தவே விரல் வலிக்கும், அழுத்தினால் சுருதி ஏறிவிடும்.

நட்டைக் கழற்றித் திருப்பி ஒட்டிவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நட்டின் பள்ளங்கள் ஹெட்ஸ்டாக் பக்கம் சரிந்திருக்கும். கம்பி கடைசியாகத் தொடும் இடம் ஃப்ரெட்போர்டைப் பார்த்த முனைதான். திருப்பி ஒட்டினால் அந்த இடம் பின்பக்க முனைக்குப் போய்விடும். கம்பியின் நீளமே மாறும், பள்ளத்துக்குள்ளேயே கம்பி உரசி இரையும். அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம், நிரந்தரத் தீர்வு இல்லை.

சரியான வழி, பள்ளம் வெட்டிய இடக்கை நட் வாங்குவது அல்லது பள்ளமே இல்லாத எலும்பு நட் வாங்கிப் புதிதாக வெட்டுவது. வாங்கும் முன் பழைய நட்டின் நீளம், தடிமன், உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். அடிப்பக்கம் தட்டையா வளைவா என்றும் பார்க்க வேண்டும். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக்கு நீளம் 42 மி.மீ. ஒட்டியும் தடிமன் மூன்றரை மி.மீ. ஒட்டியும் இருக்கும். லெஸ் பால் வகையில் நட் இன்னும் தடிமனானது.

கழற்றும்போது முதலில் நட்டின் ஓரமாக இருக்கும் வார்னிஷைக் கூரான கத்தியால் கீறி விடுங்கள். அப்புறம் சின்ன மரக்கட்டையை வைத்து ஃப்ரெட்போர்டு பக்கத்திலிருந்து லேசாகத் தட்டினால் விட்டுவரும். கீறாமல் தட்டினால் வார்னிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும். புது நட்டை ஒட்ட ஒன்றிரண்டு சொட்டுப் பசை போதும். நாளைக்கு மறுபடி கழற்ற வேண்டி வரும்.

பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்க எளிய வழி: கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே அழுத்துங்கள். இப்போது முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் இன்னும் வெட்டலாம். இடைவெளியே இல்லையென்றால் ஆழமாகிவிட்டது. அப்படியானால் அந்தப் பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கல் போல இறுகும், மறுபடி வெட்டலாம். இந்த ஒட்டு நெடுநாள் தாங்காது, ஆனால் அடுத்த நட் வரும்வரை வாசிக்க முடியும்.

மலிவான கிட்டாரில் முதல் செலவு எதற்கு என்று கேட்டால் நட்டுக்குத்தான் என்பேன். பிக்கப்புக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். கைக்கும் காதுக்கும் தெரியும் வித்தியாசமோ அதைவிடப் பெரியது.

சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது

ட்யூனிங் கீயைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில், கம்பி சுற்றிய விதம். வலக்கைக்காரர்களின் வீடியோவைப் பார்த்துக் கம்பி மாட்டினால் சுற்று தவறான பக்கம் போய்விடும். திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம், இதை மட்டும் நினைவில் வையுங்கள்: கீயின் கைப்பிடி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கம்பி தண்டைத் தொட வேண்டும். தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியதற்கு மூன்று நான்கு. சுற்றுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. மாட்டியதும் கம்பியை லேசாக இழுத்து இழுத்து விட்டு மறுபடி சுருதி சேருங்கள். இறங்குவது நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நட்டில் கம்பி சிக்குவது. கீயைத் திருப்பும்போது 'டிங்' என்று சத்தம் கேட்டுச் சுருதி தாவுகிறதா? கம்பியை வளைத்து வாசித்த பிறகு சுருதி இறங்கியே நிற்கிறதா? அப்படியானால் சிக்கல் நட்டில்தான். மெல்லிய பென்சிலால் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள், கிராஃபைட் உயவுபோல வேலை செய்யும். அதிலும் தீரவில்லை என்றால் பள்ளம் குறுகல். பழைய கம்பியின்மேல் நைசான உப்புத்தாளைச் சுற்றி, ஹெட்ஸ்டாக் பக்கச் சரிவு கெடாமல் நாலைந்து முறை இழுங்கள். மெல்லிய கம்பிகளைக் கீழே அமுக்கிப் பிடிக்கும் சின்னக் கொக்கியின் அடியிலும் பென்சில் தேய்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ட்ரெமோலோ. மலிவு ட்ரெமோலோவின் ஆறு திருகுகளையும் ஒரே இறுக்கமாக இறுக்கியிருப்பார்கள், பிரிட்ஜ் முன்னும் பின்னும் அசையும்போது ஒவ்வொன்றிலும் உரசும். ஓரத்தில் உள்ள இரண்டு திருகுகள் மட்டும் தாங்கட்டும், நடுவில் உள்ள நான்கையும் சற்றே தளர்த்தி விடுங்கள். ட்ரெமோலோ கைப்பிடியைப் பயன்படுத்தாதவர் என்றால் பின்பக்கத்தைத் திறந்து, ஸ்பிரிங்கை மாட்டியிருக்கும் கொக்கித் தகட்டின் திருகுகளை இறுக்குங்கள். மூன்று ஸ்பிரிங் போதவில்லை என்றால் ஐந்தாக்கலாம். பிரிட்ஜ் பாடியோடு படிந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பின் சுருதி எவ்வளவு நிலையாக நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் புதுக் கீ வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் சுருதி இறங்கினால், கீயைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டு லொடலொடவென்று ஆடினால் மாற்றலாம். ஒரே வரிசைக் கீ என்றால் 'இடக்கை' என்று தெளிவாகக் குறிப்பிட்டு வாங்குங்கள். துளையின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய பாணிக் கீகளுக்குச் சுமார் 8 முதல் 9 மி.மீ., நவீன வகைக்கு 10 மி.மீ. துளை வேண்டும். சின்னத் துளையைப் பெரிதாக்கலாம், பெரிய துளையில் சின்னக் கீ மாட்டத் தனி வளையம் தேட வேண்டும்.

திருப்பி மாட்டிய ஹெட்ஸ்டாக்கில் கம்பியின் இழுவிசையே மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு சுருதிக்குத் தேவையான இழுவிசையைத் தீர்மானிப்பது கம்பியின் எடையும், நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான நீளமும்தான். நட்டுக்கு அப்பால் உள்ள நீளம் கம்பியை வளைக்கும்போது விரலுக்கு வேறு மாதிரி உணர்வைத் தரலாம், இழுவிசையை அது மாற்றாது.

கம்பி இரைகிறது

முதலில் ஆம்ப்ளிஃபயரில் கேட்கிறதா என்று பாருங்கள். வெறும் காதுக்கு மட்டும் லேசாகக் கேட்கும் இரைச்சல் எலக்ட்ரிக் கிட்டாரில் சகஜம். அதைத் துரத்திக்கொண்டு போனால் ஆக்‌ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள உயரம்) தேவையில்லாமல் உயரும்.

ஆம்ப்ளிஃபயரிலும் கேட்கிறது என்றால், இரையும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். அழுத்தாத கம்பி மட்டும் இரைந்தால் நட்டின் பள்ளம் ஆழம். முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் இரைந்தால் நெக் மிகவும் நேராக, அல்லது பின்னால் வளைந்து இருக்கிறது. மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைந்தால் சாடில் தாழ்வு, அல்லது நெக்கின் கடைசிப் பகுதி பாடியோடு சேரும் இடத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் இரைந்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் உயரம்.

நெக்கின் வளைவை அளக்க, முதல் ஃப்ரெட்டையும் பாடியோடு நெக் சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழு எட்டாவது ஃப்ரெட்டின் மேல் 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. அதிகம் இருந்தால் ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் இறுக்குங்கள், குறைவென்றால் எதிர்ச்சுற்றில் தளர்த்துங்கள். இடக்கை கிட்டாருக்கு இது மாறும் என்று நினைக்க வேண்டாம், அதே திசைதான். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். திருகு நகர மறுத்தால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிட்டுக் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

வளைவு சரியான பிறகுதான் சாடில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.5 மி.மீ. என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. சாடிலை முழுக்க இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால், நெக்கைக் கழற்றி அது உட்காரும் குழியில், பிரிட்ஜுக்குப் பக்கமான முனையில், கெட்டி அட்டையின் மெல்லிய துண்டு ஒன்றை வையுங்கள். நெக் லேசாகப் பின்னால் சாயும், கம்பி இறங்கும்.

ஒரு ஃப்ரெட் மட்டும் தூக்கியிருந்தால், நேரான சின்ன உலோகத் துண்டை மூன்று ஃப்ரெட்டின்மேல் வைத்து ஆட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சில நேரம் அது மரத்தைவிட்டு மேலே வந்திருக்கும், ரப்பர் சுத்தியலால் தட்டினாலே உட்காரும். உட்காரவில்லை என்றால் அரத்தால் தேய்த்து, தலையை மறுபடி உருட்டி, மெருகேற்ற வேண்டும். பல ஃப்ரெட் இப்படி இருந்தால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

நெக்கின் ஓரத்தில் ஃப்ரெட் முனை கையைக் கீறுகிறது

காற்று வறண்டு மரம் சுருங்கினால் உலோகம் வெளியே நீட்டும். ஃப்ரெட்போர்டை டேப்பால் மூடிவிட்டு, நைசான அரத்தைச் சாய்வாகப் பிடித்து முனைகளை மட்டும் மழுக்குங்கள். பிறகு உப்புத்தாள். ஒரு மாலைப் பொழுது வேலை.

அழுத்தாத கம்பி சரி, மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது

பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி) அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளிக் கம்பியை நீளமாக்குங்கள், இறங்கியிருந்தால் முன்னால். சரியாக வைத்த பிரிட்ஜில் சாடில்கள் படிக்கட்டு போலச் சாய்ந்து நிற்கும், தடித்த கம்பியின் சாடில் நெக்கைவிட்டு அதிக தூரத்தில் இருக்கும். உங்கள் கிட்டாரில் இது தலைகீழாக இருந்தால், தொழிற்சாலையிலோ கடையிலோ வலக்கை பிரிட்ஜை அப்படியே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். தடித்த கம்பியின் சாடில் பின்னால் போக இடமில்லாமல் ஸ்பிரிங் தடுத்தால், ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டி மாட்டலாம்.

முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறுகிறது என்றால் சாடிலைத் தொடாதீர்கள். அது நட்டின் உயரம்.

வால்யூமைத் திருப்பினால் ஒன்றும் ஆவதில்லை, கடைசியில் திடீரென்று ஒலி காணாமல் போகிறது

இடக்கை கிட்டாருக்கே உரிய கோளாறு இது. பலர் பாட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதே வகையை வாங்கி மாட்டி, அதே தொல்லையை மறுபடி அனுபவிக்கிறார்கள்.

நம் காது ஒலியின் ஏற்றத்தை நேர்க்கோட்டில் உணர்வதில்லை. அதனால் ஆடியோ வகைப் பாட்டில் மின்தடை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும்படி செய்திருப்பார்கள். பாதி திருப்பினால் தடை பத்து இருபது சதவீதம்தான் வந்திருக்கும். கடிகாரச் சுற்றில் ஒலி கூடும் வலக்கை கிட்டாருக்கு இது சரி. இடக்கை கிட்டாரில் எதிர்ச்சுற்றில் ஒலி கூட வேண்டும் என்று பாட்டின் மூன்று கால்களில் (வயர் சால்டர் செய்யும் முனைகள்) ஓரத்துக் கால்கள் இரண்டின் வயர்களையும் இடம் மாற்றிச் சால்டர் செய்துவிட்டால், அந்த வளைவும் தலைகீழாகிவிடும். குமிழை முக்கால்வாசி குறைத்தாலும் ஒலி இறங்காது, மிச்சத் துளித் தூரத்தில் எல்லாம் இறங்கிவிடும். டோன் குமிழிலும் இதேதான்.

உறுதி செய்ய, பாட்டில் உள்ள வயர்களை எடுத்துவிட்டுக் குமிழைச் சரியாக நடுவில் வையுங்கள். நடுக் காலுக்கும் ஓரக் கால்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம் என்றால் நேர்வகை, அதாவது தடை சீராக ஏறும் வகை. ஒரு பக்கம் மிகக் குறைவாகவும் மறுபக்கம் மிக அதிகமாகவும் காட்டினால் ஆடியோ வகை. இன்றைய பாட்களில் பொதுவாக ஏ என்றால் ஆடியோ, பி என்றால் நேர், சி என்றால் தலைகீழ் ஆடியோ. ஏ500கே என்று பொறித்திருந்தால் 500 கிலோ ஓம் ஆடியோ வகை.

தீர்வு மூன்று. கடிகாரச் சுற்றில் ஒலி கூடினாலும் பரவாயில்லை என்றால் ஓரக் கால்களின் வயர்களை மாற்றிச் சால்டர் செய்தால் போதும், செலவே இல்லை. எதிர்ச்சுற்றுதான் கைக்குப் பழக்கம் என்றால் சி வகை வாங்குங்கள். அது கிடைக்கவில்லை என்றால் பி வகை. நேர்வகையை எந்தத் திசையில் மாட்டினாலும் ஒரே நடத்தைதான், அதனால் எனக்குப் பிடித்ததும் அதுவே. அளவைப் பொறுத்தவரை சிங்கிள் காயில் (ஒரே சுருள்) பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். மலிவு கிட்டாரில் சின்னப் பாட்டுக்கான துளைதான் இருக்கும். பெரிய பாட்டின் கழுத்து சுமார் 9.5 மி.மீ. என்பதால், அளக்காமல் வாங்கினால் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும்.

ஓயாமல் 'ம்ம்ம்' என்று இரைச்சல்

கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது, உள்ளே காப்பு உறை போதவில்லை. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி என்றால், பிரிட்ஜிலிருந்தோ ட்ரெமோலோ கொக்கித் தகட்டிலிருந்தோ வால்யூம் பாட்டின் முதுகுக்கு வர வேண்டிய எர்த் வயர் அறுந்திருக்கிறது. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன.

தொட்டதும் சுர்ரென்று ஷாக் அடித்தால் அந்த நொடியே ஆம்ப்ளிஃபயரின் இணைப்பைப் பிடுங்குங்கள். அது கிட்டாரின் கோளாறு இல்லை. ஆம்ப்ளிஃபயரிலோ சுவர் மின்இணைப்பின் எர்த்திலோ தவறு இருக்கிறது. மின்வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை வாசிக்கவே கூடாது.

காப்பு உறைக்கு, குழிகளின் உட்புறம் முழுவதும் காப்பர் டேப் ஒட்டி, துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்து, அதிலிருந்து ஒரு வயரை எர்த்துக்குக் கொடுங்கள். பிக்கார்டின் அடியிலும் ஒட்டுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் மின்கம்பிகளின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் காந்தப்புலமாகவே வாங்கும், அதைக் காப்பர் தடுக்காது. அதற்கு வழக்கமான தீர்வு ஹம்பக்கர், அல்லது இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசிப்பது. மூன்று பிக்கப் உள்ள கிட்டாரில் நடுப் பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றியிருந்தால், ஐந்து நிலை ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் இந்த இரைச்சல் அடங்கிவிடும்.

கரகரப்பு, விட்டுவிட்டு ஒலிப்பது

கேபிளை முதலில் மாற்றிப் பாருங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து நன்றாக முன்னும் பின்னும் திருப்புங்கள். ஸ்விட்சுக்கும் அதே வைத்தியம். ஜாக் தளர்ந்து சுற்றினால் உள்ளே இருக்கும் ஜாக்கைப் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்க வேண்டும். பிடிக்காமல் இறுக்கினால் வயர் முறுக்கி அறுந்துவிடும்.

ஒரு கம்பி மட்டும் மங்கலாக, இன்னொன்று உரக்க

பிக்கப்பில் தெரியும் ஆறு காந்தங்களைப் பக்கவாட்டில் பாருங்கள். எல்லாம் ஒரே மட்டம் என்றால் திசைச் சிக்கல் இல்லை, பிக்கப்பின் உயரத் திருகுகளை மட்டும் சரிசெய்தால் போதும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்தால் தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.6 மி.மீ. என்பது தொடக்க அளவு. ரொம்ப நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் கலங்கடிக்கும்.

காந்தங்கள் ஏற்ற இறக்கமாக இருந்தால், அந்த வரிசை எந்தக் கைக்கானது என்று பார்க்க வேண்டும். பழைய பாணி வலக்கை பிக்கப்பில் பி கம்பிக்கான (இரண்டாவது கம்பி) காந்தம் மிகத் தாழ்ந்தது. அதே பிக்கப் இடக்கை கிட்டாரில் உட்கார்ந்தால் அந்தத் தாழ்ந்த காந்தம் ஏ கம்பிக்கு (ஐந்தாவது கம்பி) அடியில் வந்துவிடும். ஏ மங்கும், பி துருத்திக்கொண்டு கேட்கும். காந்தத்தை விரலால் அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பல பிக்கப்புகளில் மெல்லிய காயில் வயர் நேரடியாகக் காந்தத்தின்மேலேயே சுற்றப்பட்டிருக்கும், அசைந்தால் அறுந்துபோகும். மாற்றுவதென்றால் மட்டமான காந்தம் உள்ளதையோ, நீளவாட்டில் பட்டை வைத்ததையோ, இடக்கைக்கென்றே செய்ததையோ வாங்குங்கள்.

இரண்டு பிக்கப்பைச் சேர்த்தால் மட்டும் ஒலி மூக்கடைத்தது போல ஒல்லியாகிறது என்றால் அவை எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் மாற்றிச் சால்டர் செய்யுங்கள். உலோக மூடி உள்ள பிக்கப்பென்றால் மூடியின் எர்த்தைத் தனியாகப் பிரித்த பிறகே மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒலி மட்டும் பிடிக்கவில்லை

இப்போதுதான் பிக்கப் மாற்றும் நேரம். மேலே சொன்னவற்றைச் செய்யாமல் நல்ல பிக்கப்பை மாட்டினால், நெக்கின் இரைச்சலும் நட்டின் சிக்கலும் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். ஹம்பக்கர் கிட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு விரிந்தது, வலக்கைக்கென்று விற்கும் எதையும் மாட்டலாம். கம்பிகளின் இடைவெளியை மட்டும் அளந்துகொள்ளுங்கள், பிரிட்ஜ் பக்கம் 50 மி.மீ. ஒட்டியும் 53 மி.மீ. ஒட்டியும் என இரண்டு அளவுகள் புழங்குகின்றன. ஸ்ட்ராட் வகைக்குப் பிக்கப், பாட், ஸ்விட்ச் எல்லாம் மாட்டிய முழுப் பிக்கார்டாக வாங்கும் வசதி வலக்கைக்காரர்களுக்கே அதிகம். வலக்கை பிக்கார்டைத் திருப்பிப் போட முடியாது. பிக்கப் மட்டும் வாங்கி, இருக்கும் பிக்கார்டிலேயே மாட்டுங்கள்.

ட்ரெமோலோ பிரிட்ஜை மாற்றுவதென்றால் கைப்பிடித் துளை எந்தப் பக்கம் என்று பார்ப்பதோடு, ஆறு திருகுகளின் மொத்த அகலத்தையும் அளக்க வேண்டும். 52.5, 54, 56 மி.மீ. என்று பல அளவுகள் உண்டு. மலிவு கிட்டாரின் பாடி மெல்லியதாக இருந்தால், பிரிட்ஜின் அடியில் இருக்கும் கனமான முழுநீள உலோகக் கட்டை பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

நெக்கே சரியில்லை

திருகால் பொருத்திய நெக் என்றால் இதற்கும் வழி உண்டு, அதுவும் தேர்வு அதிகமுள்ள வழி. ஃப்ரெட்டுக்கும் ட்ரஸ் ராடுக்கும் கை பேதமில்லாததால், ஸ்ட்ராட், டெலி (டெலிகாஸ்டர்) வகை இடக்கை பாடியில் வலக்கை நெக் பொருந்தும். ஹெட்ஸ்டாக் தலைகீழாகி, கீகள் தரையைப் பார்க்கும். நட்டை மட்டும் இடக்கைக்காக மாற்ற வேண்டும். பழைய நெக்கின் அடிப்பகுதி அகலம் (இந்த வகையில் 56 மி.மீ. ஒட்டி இருக்கும்), நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள நீளம் (648 மி.மீ.) இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான்கு திருகுத் துளைகளும் நேராக வரவில்லை என்றால், நெக்கில் உள்ள துளைகளை மரக்குச்சியும் மரப் பசையும் வைத்து அடைத்து, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிடுங்கள். திருகுகளை முழுக்க இறுக்கும் முன் ஆறாவது கம்பியையும் முதல் கம்பியையும் மட்டும் மாட்டி, கடைசி ஃப்ரெட் அருகே இரண்டு விளிம்பிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சமமாக இல்லையென்றால் கம்பியைத் தளர்த்தி நெக்கை லேசாக அசைத்து நேராக்குங்கள். பிறகு திருகுகளை இறுக்கிவிட்டு, மிச்சம் நான்கு கம்பிகளை மாட்டலாம்.